மீனுக்குத்தான் என்று சொன்னோம்

கொரோனா எல்லாம் ஓய்ந்து, ஒரகடம் பக்கத்துக் கம்பெனி பஸ்கள் மறுபடியும் எங்கள் தெரு முனையில் நின்று ஆள் ஏற்ற ஆரம்பித்திருந்த சமயம் அது. காஞ்சிபுரத்தில் செவிலிமேட்டில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு ஒரு போர்ஷன். என் வீட்டுக்காரர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் சேல்ஸ்மேன். நான் வீட்டிலிருந்தபடியே பட்டுப் புடவைகளுக்கு முந்தானைக் குச்சு கட்டிக் கொடுப்பேன். பகல் முழுக்க யாரோ ஒருத்தியின் கல்யாணப் புடவை என் மடியில் கிடக்கும். அதனால் பட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு அப்போது இருந்தது.

அந்த வருஷம் மாடிக்கு அசாமிலிருந்து ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள். பையனுக்குக் கம்பெனியில் வேலை. விடியற்காலையில் பஸ் ஏறினால் இருட்டும்போதுதான் வருவான். அந்தப் பெண் வீட்டில் தனியாக இருப்பாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. அவள் போனில் பேசினால் போன் அதைத் தமிழில் மாற்றி, டிவியில் செய்தி வாசிக்கிற அம்மா மாதிரி சுத்தமான குரலில் சொல்லும். நானும் அதே போனில் பதில் சொல்வேன். என் பேச்சை அது எப்படி மாற்றியதோ, சில சமயம் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவர்கள் வந்த முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. மாடிப்படியில் கால் வைத்தாலே ஒரு நாற்றம். செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது என்று நான் ஆளைக் கூப்பிட்டேன். அவன் மூடியைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று மத்தியானம் அவள் ஒரு கிண்ணத்தை ஏந்திக்கொண்டு இறங்கி வந்தாள். நாற்றமும் கூடவே இறங்கி வந்தது. மூங்கில் குருத்தைப் புளிக்க வைத்துச் செய்த தொக்கு அது. மூச்சை அடக்கிக்கொண்டு வாயில் போட்டேன். சூடான சோற்றோடு அது வேறு சங்கதியாக இருந்தது. கிண்ணத்தை வழித்துத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

நான் ஒன்றும் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. ஈசல் தின்று வளர்ந்தவள். மழை பெய்த ஒரு சாயங்காலம், வாசல் விளக்குக்குக் கீழே அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து நான் ஈசல் பிடிப்பதைப் பார்த்ததும் அவள் மாடியிலிருந்து ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இறகு போக்கி, அரிசியோடு வறுத்துக் கொடுத்தேன். மடியில் கொட்டி வைத்துக்கொண்டு சினிமா பார்க்கிற மாதிரி மழையைப் பார்த்துக்கொண்டே தின்றாள். சாப்பாட்டு விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. என் வீட்டுக்காரர் நேர் எதிர். முட்டையைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

"இனிமே வூட்டுக்கு பூச்சி மருந்தே வாங்க வாணாம். நீங்க ரெண்டு பேரு போதும்" என்று கிண்டல் செய்தார்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தபோது அவள் உண்டாகியிருந்தாள். எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் மசக்கை அவளைப் போட்டுப் புரட்டி எடுத்தது. தண்ணீர் குடித்தால்கூட வெளியே வந்துவிடும். நானும் விடவில்லை. மாங்காய் கொடுத்தேன், நார்த்தங்காய் கொடுத்தேன், புளிச்சக்கீரை கடைந்து கொடுத்தேன். சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட எங்கள் ஊர் இட்லி வயிற்றுக்கு நல்லது என்று அதையும் செய்து கொண்டுபோனேன். எனக்காக இரண்டு வாய் சாப்பிடுவாள், பிறகு எழுந்து ஓடுவாள். கன்னமெல்லாம் வற்றிப்போயிற்று. இப்படியே எடை இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஊரிலிருந்து அவள் அம்மா தினமும் போன் செய்து, கிளம்பி வந்துவிடு என்று அழுதாள். இவளுக்குப் போக மனமில்லை. பையனுக்கு வேலை நிரந்தரமாகிற நேரம். அவனைத் தனியாக விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக வேண்டாம், இங்கேயே சாப்பிட்டுத் தேறிவிடலாம் என்று பிடிவாதமாக இருந்தாள். சாப்பிட்டால் இருக்கலாம், இல்லாவிட்டால் போக வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

ஒரு நாள் அவளை உட்கார வைத்துக் கேட்டேன். "உனக்கு இன்னாதாம்மா வேணும்? வாய தொறந்து சொல்லு. மசக்கைக்காரி கேட்டத குடுக்கலன்னா கொழந்தைக்கு காதுல சீழ் வடியும்னு சொல்வாங்க. அந்தப் பாவம் எனக்கு வாணாம்."

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுப் போனை எடுத்துப் பேசினாள். போன் சொன்னது: "எனக்குப் பட்டுப்பூச்சி உண்ண ஆசையாக இருக்கிறது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் பட்டுப்பூச்சி என்றால் மழை விட்ட மறுநாள் மண்ணில் ஊர்ந்து வருமே, சிவப்பு வெல்வெட் துணியில் செய்த மாதிரி, அதுதான். சின்ன வயதில் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு திரிவோம். அதைப் போய்த் தின்கிறதா? மசக்கையில் சில பேருக்குப் புத்தி இப்படித்தான் போகும். சாம்பல் தின்பார்கள், சிலேட்டுக் குச்சி தின்பார்கள். எங்கள் தெருவிலேயே ஒருத்தி விபூதியை டப்பா டப்பாவாகக் காலி செய்திருக்கிறாள். இதுவும் அந்த மாதிரிதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"அய்யய்யோ, அதெல்லாம் துன்னக் கூடாதும்மா. வயித்துல புள்ள கீது" என்று கையை ஆட்டி, தலையை ஆட்டி, கண்ணை உருட்டிச் சொன்னேன். அவள் முகம் சின்னதாகிவிட்டது. அப்புறமும் இரண்டு மூன்று தடவை அதே போனில் அதையே கேட்டாள். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி அனுப்பினேன். அதோடு விட்டேனா? மழை விட்ட காலைகளில், அவள் கண்ணில் பட்டுவிடப் போகிறதே என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய், வாசலிலும் கொல்லையிலும் ஊர்ந்த சிவப்புப் பூச்சிகளையெல்லாம் பெருக்கித் தள்ளினேன். மாடியிலிருந்து அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த அக்கா மண்ணை எதற்கு இப்படிப் பெருக்குகிறாள் என்று நினைத்திருப்பாள். ஆவணி முழுக்க இப்படியே போயிற்று. அந்த நாட்களை நினைத்தால் இப்போது சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

ஆவணிக் கடைசியில் ஒரு மத்தியானம் நான் குச்சு கட்டிக்கொண்டிருந்தேன். அவள் மெல்லப் படியிறங்கி வந்து எதிரில் உட்கார்ந்தாள். நறுக்கிப் போட்ட பட்டு நூல் துண்டு ஒன்றை எடுத்து என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அதைத் தன் சுண்டுவிரலில் சுற்றினாள். சுற்றின விரலை ஒரு சட்டியில் போடுகிற மாதிரி, தண்ணீர் கொதிக்கிற மாதிரி அபிநயம் பிடித்தாள். நூலின் நுனியைப் பிடித்து இழுத்து உருவினாள். உள்ளேயிருந்து வெளியே வந்த சுண்டுவிரலைக் காட்டிவிட்டு, வாயில் போட்டுக் கண்ணை மூடிச் சப்புக்கொட்டினாள்.

மடியிலிருந்த புடவையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "அடிப்பாவி! பட்டுப்புழுவா! இதுக்காடி இத்தினி நாளா மன்னாடிக்கினு இருந்த?" சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். அவள் அம்மா செய்ததாம், தட்டு நிறையப் புழு வறுவல். அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பட்டுப்புழு வளர்ப்பார்களாம். கூடு நூலுக்கு, உள்ளே இருப்பது சட்டிக்கு. பிறகு அந்தச் செய்தி வாசிக்கிற குரல் சொன்னது: "இது பட்டு நகரம் என்று என் கணவர் கூறினார். இங்கே தினமும் கிடைக்கும் என்று நான் மகிழ்ச்சியுடன் வந்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் ஊருக்குப் பட்டு ஊர் என்று பேர்தான். நூல் எல்லாம் வெளியூரிலிருந்து வருகிறது. கூடும் கிடையாது, புழுவும் கிடையாது. பிறந்ததிலிருந்து பட்டுக்குள்ளேயே உழல்கிற நானே உயிரோடு ஒரு பட்டுப்புழுவைப் பார்த்ததில்லை. இருந்தாலும் வாய் சும்மா இருந்ததா? "நான் வாங்கித் தரேம்மா. இது எங்க ஊரு சரக்கு" என்று மார்தட்டிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது முதலில் காதைப் பொத்திக்கொண்டார். "புரட்டாசி பொறக்கப் போவுது. இப்ப போயி புழுவா?" என்றார். புரட்டாசியில் எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. ஆனால் அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டு நாள் கழித்து, முடித்த புடவைகளைக் கொடுக்க நான் டவுனுக்குப் போனபோது, அவரே என்னை ஒரு பட்டு நூல் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தருமபுரிப் பக்கம் கூட்டிலிருந்து நூல் எடுக்கிற இடத்திலிருந்து அந்தக் கடைக்குச் சரக்கு வருகிறது.

கடைக்காரர் எங்களுக்குத் தெரிந்தவர். கடையில் நெசவுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் நூல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களும் தெரிந்தவர்கள்தான். பட்டுப்புழு கொஞ்சம் வேண்டும் என்றதும் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தருமபுரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கத்து ஆள் சாதாரணமாகக் கேட்டார்.

"புழுவா? மீனுக்கா, கோழிக்கா?"

கடையில் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மனுஷருக்கு என்று சொன்னால் அன்று சாயங்காலத்துக்குள் டவுன் முழுக்கப் பரவிவிடும். புழு தின்கிற வீட்டுக்கு யார் கல்யாணப் புடவையைக் கொடுத்து அனுப்புவார்கள்? அந்தப் புடவையே அந்தப் புழு கொடுத்ததுதான் என்பது யாருக்கும் ஞாபகம் வராது. எனக்கே வரவில்லை.

"மீனுக்குத்தாம்பா" என்றார் என் வீட்டுக்காரர். "வூட்ல தொட்டி கட்டி வளக்கறோம்."

அவர் சொன்னதில் எனக்கு அவர் மேல் கோபமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த நூல் லோடில் ஒரு கோணிப்பை வந்தது. வீட்டுக்காரர் அதை வண்டியின் பின்னால் கட்டி, தெருவில் யாரும் கேட்டால் சொல்ல "மீனுக்கு" என்ற பதிலையும் தயாராக வைத்துக்கொண்டு கொண்டுவந்தார். நான் வாயைப் பிரித்துப் பார்த்தேன். கறுப்பாக, வெயிலில் காய்ந்து சுருங்கிக் கிடந்தன. எப்போதோ காய வைத்தது போலிருந்தது. எண்ணெய் சிக்கின வாடை முகத்தில் அடித்தது. மூங்கில் குருத்தும் முதலில் நாறத்தானே செய்தது, இதுவும் சட்டியில் விழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

புழு வருகிறது என்று காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன். குளித்து, தலைவாரி, வாணலியை அடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அத்தனை நாளில் அவள் தானாக எழுந்து அடுப்படியில் நின்றது அன்றைக்குத்தான். பையைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. உள்ளே கைவிட்டு ஒன்றை எடுத்து, நகத்தால் கிள்ளி, மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். பிறகு அதை மறுபடியும் பைக்குள் போட்டு, பையின் வாயை மடித்து மடித்து ஒழுங்காக மூடினாள்.

"நல்லா இருக்குது அக்கா" என்றாள். நான் சொல்லிக் கொடுத்த தமிழ் அது. பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகப் பேசினாள். போனுக்கு ஏது மெதுவும் வேகமும்? எப்போதும்போல் கணீரென்று சொன்னது: "இது மீன்களுக்கான உணவு. பரவாயில்லை."

எங்களை யாரோ சந்தியில் நிற்க வைத்த மாதிரி இருந்தது. நாங்கள் அப்படிச் சொல்லித்தான் வாங்கினோம் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு அவள் படுத்துக்கொண்டாள். அந்த வாடைக்கு அப்புறம் அவளுக்கு வாந்தி நிற்கவே இல்லை. அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் குளுகோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் அவள் அம்மா ஒரு பேச்சும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு ரயில் டிக்கெட் போட்டாகிவிட்டது.

மறுநாள் நூல் கடைக்காரரிடம் நம்பர் வாங்கி, தருமபுரி ஆளுக்கு நானே போன் போட்டேன். "அண்ணா, அது மீனுக்கு இல்ல. எங்க வூட்டுப் பொண்ணு மாசமா கீது. அது துன்றதுக்கு வேணும். நல்லதா வேணும்" என்றேன். சிரிப்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவர் சிரிக்கவே இல்லை.

"என்னம்மா நீங்க, மொதல்லயே இதச் சொல்றதுக்கென்ன? இங்க வேல செய்யுற வடக்கத்திப் பசங்க தெனமும் வறுத்துத் தின்றாங்க. திங்கறதுக்குன்னா அன்னன்னைக்கு எடுத்தத கழுவி ஐஸ் வச்சு பஸ்ல போட்டுருவேனே. போன வாரம்தான் நெறைய வந்துச்சு, இப்ப கூடு வரத்து இல்லம்மா. வந்த ஒடனே அனுப்பறேன்" என்றார்.

அவ்வளவு சுலபம். முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த வாரமே சட்டியில் விழுந்திருக்கும். அவள் இருந்தும் இருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டோ வந்து நின்றது. பையன் சாமான்களை ஏற்றினான். அவளை விட்டுவிட்டு வர அவனும் கூடப் போனான். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். என் விரல் நுனியெல்லாம் நூல் அறுத்துக் காய்ப்புக் காய்ச்சிக் கிடக்கும், அதைத் தடவிப் பார்த்தாள். வருது, இன்னும் ரெண்டு நாள்ல வருது என்று நான் உளறிக்கொண்டே இருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "அடுத்த தடவ அக்கா" என்றாள். அதை எங்கே கற்றுக்கொண்டாளோ தெரியவில்லை. நான் கற்றுத் தரவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மறுநாள் காலையில் போன் வந்தது. தருமபுரி பஸ்ஸில் எங்கள் பேருக்கு ஒரு தெர்மோகோல் பெட்டி வந்திருக்கிறதாம். அன்றைக்குப் புரட்டாசி சனிக்கிழமை. வீட்டுக்காரர் நாமம் போட்டுக்கொண்டிருந்தார். போய் வாங்கிவந்து படிக்கட்டில் வைத்தார்.

"இப்ப இத இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார்.

"செய்யணும்" என்றேன்.

மாடிச் சாவியை எடுத்துக்கொண்டு பெட்டியோடு மேலே போனேன். அவள் அடுப்பு அப்படியே இருந்தது. வாணலியும் இருந்தது. ஐஸுக்கு நடுவில் புழுக்கள் பளபளவென்று, பேரீச்சங்கொட்டை நிறத்தில் சுத்தமாக இருந்தன. வாடையே இல்லை. வெங்காயம் நறுக்கிப் போட்டு, பச்சை மிளகாய் கீறி, மிளகு தட்டிப் போட்டு, அவள் காட்டின படத்தில் இருந்த மாதிரியே முறுக வறுத்தேன். தட்டில் கொட்டி, காலியான அந்த அறையில் தரையில் உட்கார்ந்தேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். மேல்தோல் மொறுமொறுவென்று உடைந்தது. உள்ளே வேகவைத்த வேர்க்கடலையும் முட்டை மஞ்சள் கருவும் கலந்த மாதிரி ஒரு ருசி. இவ்வளவு சாதாரணமான ருசியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இதற்குத்தானா அவள் அத்தனை நாள் காத்துக்கிடந்தாள் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

படியில் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் நாமம் இன்னும் கலையவில்லை. உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து, மோந்து பார்க்காமல், வாயில் போட்டு மென்றார். நான் அவரைத் தடுக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். அதற்கப்புறம் இரண்டு பேராலும் இன்னொன்றை எடுக்க முடியவில்லை.

தட்டைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ரயிலில் சிக்னல் இல்லையோ என்னவோ, அடுத்த நாள்தான் பதில் வந்தது. ஒரு சிரிப்புப் பொம்மை, ஒரு அழுகைப் பொம்மை. பையன் திரும்பி வந்து ஐப்பசி வரைக்கும் தனியாக இருந்து பார்த்தான். அவனாலும் முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டான். அடுப்பை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னான்.

பங்குனியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீடியோவில் காட்டினாள். தேறிப் பூரிப்பாக இருந்தாள், பக்கத்தில் அவள் அம்மா. நான் வேறெதுவும் கேட்கவில்லை. குழந்தைக்குக் காது எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டேன். போன் அதை என்னவென்று மாற்றிச் சொன்னதோ, அவள் குழப்பத்தோடு குழந்தையின் காதை மடித்து மடித்து இரண்டு பக்கமும் எனக்குக் காட்டினாள்.

குழந்தையின் காதில் ஒன்றுமில்லை. எனக்குத்தான், யாராவது ஆசைப்பட்டு எதையாவது சாப்பிடக் கேட்கும்போதெல்லாம், "மீனுக்கா, கோழிக்கா?" என்ற அந்தக் குரல் இன்றைக்கும் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது.